வாசகர் கேள்வி–பதில்: காதலர் தினமும் அதன் சின்னங்களும்

கேள்வி: படைவீரர்கள் திருமணம் செய்யக் கூடாது என்று ரோமப் பேரரசர் கிளாடியஸ் தடை போட்டார், வாலண்டைன் என்ற பாதிரியார் ரகசியமாகத் திருமணம் செய்துவைத்து மாட்டிக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அப்படி ஒரு தடை இருந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. இரண்டாம் கிளாடியஸ் ஆண்டது 268 முதல் 270 வரை. வாலண்டைனின் கதைகள் அதற்குப் பல தலைமுறைகள் கழித்தே எழுதப்பட்டன. அவற்றிலும் அவர் பார்வையற்ற பெண்ணுக்குப் பார்வை தருகிறார், ஞானஸ்நானம் கொடுக்கிறார், காதலர்களைச் சேர்த்துவைக்கவில்லை. சிறையிலிருந்து 'உன் வாலண்டைன்' என்று கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார் என்பது இன்னும் பிற்காலத்து ஒட்டு. போதாக்குறைக்கு, பிப்ரவரி 14-க்கு உரியவர்களாக இரண்டு வாலண்டைன்கள் இருக்கிறார்கள்: ஒருவர் ரோமின் பாதிரியார், மற்றவர் இத்தாலியின் டெர்னி நகர ஆயர். இருவரும் ஒரே ஆள்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

கேள்வி: பழைய ரோமின் லூபர்காலியா திருவிழாவில் பெண்களின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கினார்களாமே? அதுதான் காதலர் தினமாக மாறியதா?

பதில்: சீட்டுக் குலுக்கல் எந்த ரோமானிய நூலிலும் இல்லை, 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் கிளப்பிவிட்டது. பிப்ரவரி 15 அன்று உண்மையில் நடந்தது வேறு. ஆடுகளையும் ஒரு நாயையும் பலியிட்டு, ஆட்டுத்தோலைப் பட்டைகளாகக் கிழித்து, அரைநிர்வாண இளைஞர்கள் தெருவில் ஓடியபடி எதிர்ப்படுவோரை அடிப்பார்கள். அடி பட்டால் பிள்ளைப்பேறு சுலபமாகும் என்று நம்பிய பெண்கள் தாங்களே கையை நீட்டுவார்கள். தேதி அடுத்தடுத்து இருப்பதைத் தவிர இதற்கும் காதலர் தினத்துக்கும் தொடர்பு காட்ட முடியாது.

கேள்வி: அப்படியானால் காதல் எப்போது நுழைந்தது?

பதில்: ஒரு கவிதை வழியாக. 1380களில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், வாலண்டைன் திருநாளன்று பறவைகள் துணை தேர்ந்தெடுக்கக் கூடுவதாக எழுதினார். ஒரு பெண் கழுகுக்காக மூன்று ஆண் கழுகுகள் வழக்காட, பேச்சு நீண்டுகொண்டே போகிறது. வாத்தும் குயிலும் பொறுமையிழந்து கத்துகின்றன. கடைசியில் பெண் கழுகு ஒரு வருடம் அவகாசம் கேட்டுவிடுகிறது! பிப்ரவரிக் குளிரில் இங்கிலாந்துப் பறவைகள் எங்கே ஜோடி சேர்கின்றன என்று கேட்டு, சாசர் சொன்னது மே 3-க்குரிய இன்னொரு வாலண்டைனை என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியோ, பிப்ரவரி 14 நிலைத்துவிட்டது.

அடுத்த நூறு ஆண்டுகளில் வழக்கம் அரண்மனையைத் தாண்டிவிட்டது. 1477 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கைச் சேர்ந்த மார்ஜரி ப்ரூஸ், தனக்கு நிச்சயம் பேசப்பட்டுவந்த ஜான் பாஸ்டனை 'வாலண்டைன்' என்று விளித்துக் கடிதம் எழுதுகிறார். அப்பா வரதட்சணையைக் கூட்ட மறுக்கிறார், அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தும் பலிக்கவில்லை, என்மேல் அன்பு இருந்தால் கைவிட்டுவிடாதே என்பதுதான் சாரம். ஆங்கிலத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய வாலண்டைன் கடிதம் இதுதான். திருமணமும் நடந்தது.

வாழ்த்து அட்டை பெருகியதற்குக் காரணம் தபால் கட்டணம். அதுவரை பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் தூரத்துக்கு ஏற்பக் காசு கொடுக்க வேண்டும். 1840-இல் பிரிட்டன் முழுவதும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரே ஒரு பென்னி, அதையும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தலாம் என்றானது. பெயர் போடாமல் அனுப்ப இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

கேள்வி: அட்டைகளில் வரைகிறார்களே, இதயம் உண்மையில் அந்த வடிவத்தில் இல்லையே?

பதில்: இல்லைதான். 1305 வாக்கில் இத்தாலியின் பதுவா நகரத் தேவாலயத்தில் ஓவியர் ஜோட்டோ தீட்டிய சுவரோவியத்தில் அன்பின் உருவம் இதயத்தை உயர்த்திக் கொடுக்கிறது. அதில் மேல்பள்ளம் கிடையாது. பள்ளம் விழுந்த வடிவம் பின்னால் பரவி, 15-ஆம் நூற்றாண்டுச் சீட்டுக்கட்டில் அச்சாகி நிலைபெற்றது. வட ஆப்பிரிக்காவிலிருந்த பண்டைய கிரேக்க நகரமான சிரீனின் நாணயத்திலுள்ள சில்ஃபியம் செடியின் காய்தான் மூலம் என்பார்கள். உருவ ஒற்றுமை உண்மை, ஆனால் இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

கேள்வி: ரோமானியக் காதல் கடவுள் க்யூபிட்டிடம் இரண்டு வகை அம்பா?

பதில்: ஆம். ரோமக் கவிஞர் ஓவிட் சொல்வது: பொன்முனை அம்பு காதலை மூட்டும், ஈயமுனை அம்பு விரட்டும். அட்டைக்காரர்கள் இரண்டாவதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

கேள்வி: பரிசாக வந்த ரோஜா மலராமலேயே மறுநாள் தலை தொங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: தண்டின் நீர்க்குழாய்களில் காற்றோ பாக்டீரியாவோ அடைத்துக்கொண்டு, தண்ணீர் பூவரை ஏறவில்லை. கூரான கத்தியால் அடித்தண்டை 2 முதல் 3 செ.மீ. சாய்வாக, தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகினால் பாக்டீரியாதான். வெறும் சர்க்கரையைப் போடாதீர்கள், அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனி; பூவோடு வரும் பூ உணவுப் பொட்டலத்தில் சர்க்கரையுடன் கிருமிநாசினியும் சேர்ந்தே இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு இதழ்களைச் சீக்கிரம் உதிர்த்துவிடும். ஏற்கெனவே தொங்கிவிட்டதா? புதிதாக வெட்டி, காகிதத்தில் நேராகச் சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.