மனைவியின் லேப்டாப்பில் கீலாக்கர் போடலாமா?

கேள்வி: மனைவி இரவில் வெகுநேரம் யாருடனோ சாட் செய்கிறார். கேட்டால் மழுப்புகிறார். லேப்டாப் என் பணத்தில் வாங்கியது. அவருக்குத் தெரியாமல் கீலாக்கர் (கீபோர்டில் தட்டுவதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும் மென்பொருள்) போட்டு, கிடைப்பதை விவாகரத்து வழக்கில் காட்டலாமா?

பதில்: போடாதீர்கள். பில் உங்கள் பெயரில் இருப்பது பெரிதாகக் கைகொடுக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் அனுமதியையும் பேசுகிறது. தினமும் புழங்குவது அவர் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இடத்தைத்தான் பிடிப்பார். லேப்டாப்பையாவது உங்களுடையது என்று வாதாடலாம், அவருடைய மெயில் கணக்கு எந்தக் கணக்கிலும் உங்களுடையது அல்ல. கீலாக்கரில் சிக்குவதோ பாஸ்வேர்டுதான். தவறான நோக்கத்தோடு அதைப் பயன்படுத்தினீர்கள் என்று நிரூபணமானால் அதே சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கணவர்கள் பலருக்குத் தெரியாதது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதையே அது பின்தொடர்தல் குற்றத்தில் சேர்க்கிறது. கணவனுக்கு விலக்கு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. சூழ்நிலையைப் பார்த்தால் நியாயமே என்று காட்டித் தப்ப வழி உண்டு. காட்ட வேண்டியது நீங்கள்.

"உச்ச நீதிமன்றமே ரகசியப் பதிவை ஏற்றுக்கொண்டதே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2025 ஜூலையில். ஆனால் அந்தக் கணவர் பதிவு செய்தது மனைவி தன்னோடு பேசிய போன் பேச்சை. மனைவி வேறொருவருக்கு எழுதியதைத் திருடிப் படித்ததை அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, மனைவியின் கால் விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்த கணவரின் ஆவணத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்துவிட்டது. தவிர, நீதிமன்றம் ஒன்றைச் சாட்சியமாக வாங்கிக்கொள்வதால் அதை எடுத்த விதம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. விவாகரத்து ஒரு பக்கம் நடக்கும், உங்கள் மேல் சைபர் கிரைம் புகார் இன்னொரு பக்கம் ஓடும்.

அவர் உங்களுக்கே அனுப்பிய மெசேஜ்களைப் போனிலேயே அழிக்காமல் வையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். வேறு ஆவணங்கள் தேவையென்றால் வக்கீல் மூலம் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு வரவழைக்கக் கேளுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், பயந்துபோய் எதையும் அழிக்க வேண்டாம். கிடைத்ததை மாமனாருக்கோ உறவினர் குரூப்புக்கோ அனுப்பவும் வேண்டாம். முதலில் வக்கீலைப் பாருங்கள்.