பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் போட்டி ஏலத்தில் எப்போது பாஸ் சொல்வது?

கேள்வி இது: கூட்டாளி 1 ஹார்ட், வலப்பக்கம் 1 ஸ்பேட், நீங்கள் 2 ஹார்ட், இடப்பக்கம் 2 ஸ்பேட், கூட்டாளி 3 ஹார்ட், வலப்பக்கம் 3 ஸ்பேட். இப்போது 4 ஹார்ட்டா (13 பிடியில், அதாவது சுற்றில், 10-ஐ வெல்வோம் என்பது), பாஸா (ஏலம் கேட்காமல் விடுவது)?

பெரும்பாலும் பாஸ்தான். இந்த இடத்தில் உயர்சீட்டுப் புள்ளியை (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) எண்ணிப் பயனில்லை, துருப்பை, அதாவது ஏலம் கேட்ட இனத்தின் சீட்டுகளை, எண்ணுங்கள். பிரான்ஸ்காரர் ழான் ரெனே வெர்ன் 1969-இல் எழுதிப் பரவிய கணக்கு இது: உங்கள் துருப்பில் ஆடினால் உங்களுக்குக் கிடைக்கும் பிடிகளும், அவர்கள் துருப்பில் ஆடினால் அவர்களுக்குக் கிடைக்கும் பிடிகளும் சேர்ந்து, இரு தரப்புத் துருப்புகளின் மொத்த எண்ணிக்கையை ஒட்டியே இருக்கும்.

உங்கள் கை: ஸ்பேட் ராணி, ஜாக், 4, ஹார்ட் ராஜா, 8, 3, டைமண்ட் 9, 7, 5, 2, கிளப் ராணி, 10, 6. கூட்டாளி 3 ஹார்ட் வரை வந்ததால் அவரிடம் 6 ஹார்ட் என்று வையுங்கள். உங்களுக்கு 9, அவர்களுக்கு 8 ஸ்பேட் என்றால் மொத்தம் 17. இரு தரப்பும் வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடும் நிலை) இல்லை. அவர்களுக்கு 9 பிடி வந்தால் அவர்களுக்கு 140 மதிப்பெண் போகும்; ஆனால் உங்களுக்கு 8தான், 4 ஹார்ட்டில் இரண்டு குறையும், எதிராளி டபுள் (அபராதத்தைக் கூட்டும் அறைகூவல்) போட்டால் 300. (டபுள் போட மறந்தால் 100-ஓடு தப்பலாம், அதை நம்பி ஏலம் கேட்க முடியாது.) அவர்களுக்கு 8தான் என்றால் உங்களுக்கு 50 வரவேண்டியது, அதைக் கெடுத்து, ஒரு பிடி குறைந்து, நீங்கள் 50 கொடுக்கிறீர்கள். போதாததற்கு, ஸ்பேட் ராணியும் ஜாக்கும் அவர்கள் துருப்பில் ஒரு பிடியைத் தடுக்கலாம், ஹார்ட்டில் ஆடும்போது ஒன்றுக்கும் உதவாது. அப்படிப்பட்ட சீட்டு இருந்தால் 17-ஐயும் 16 என்று குறைத்தே எண்ணுங்கள்.

இப்போது இந்தக் கை: ஸ்பேட் 4 மட்டும், ஹார்ட் ராஜா, 8, 6, 3, டைமண்ட் ராணி, ஜாக், 7, 5, கிளப் 9, 6, 5, 2. முன்னதில் 8 புள்ளி, இதில் 6தான். ஆனால் உங்களுக்கு 10 ஹார்ட், அவர்களுக்கு 9 அல்லது 10 ஸ்பேட். மொத்தம் 19-க்குக் குறையாது: அவர்களுக்கு 9 பிடி என்றால் உங்களுக்கு 10. இங்கே 4 ஹார்ட் சரி. (இந்தக் கையில் முதலிலேயே 3 ஹார்ட்டுக்குக் குதித்திருக்கலாம், அது வேறு பேச்சு.)

பலர் சறுக்குவது, ஒரே கையை இரண்டு முறை சொல்வதில்தான். 2 ஹார்ட் சொன்னபோதே உங்களிடம் மூன்று ஹார்ட்டும் கொஞ்சம் புள்ளியும் இருப்பது கூட்டாளிக்குத் தெரிந்துவிட்டது. அதை நம்பித்தான் அவர் 3 ஹார்ட் கேட்டார். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது மறுபடி வாய் திறக்க வேண்டியதில்லை. 3 ஸ்பேட் என்று தொடக்கத்திலேயே குதித்து ஏலத்தை அடைத்தவருக்கும் இதேதான்: அடுத்த முடிவு கூட்டாளியுடையது.

வல்னரபிள் என்றால் இன்னும் கவனம். டபுளில் ஒரே ஒரு பிடி குறைந்தாலே 200. ஜோடிப் போட்டியில் அதே சீட்டுகளை ஆடும் மற்ற மேசைகளில் 110, 140 என்று போகும்போது அந்த 200 உங்களை அடிமட்டத்தில் தள்ளும். அணிப் போட்டியில் 140-க்கும் 200-க்கும் வித்தியாசம் 2 இம்ப்தான் (மதிப்பெண் வித்தியாசத்தைச் சுருக்கிச் சொல்லும் அலகு), அவ்வளவு பயம் வேண்டாம். அங்கே ஆபத்து வேறு: ஆத்திரத்தில், வல்னரபிள் இல்லாத எதிராளியின் 3 ஸ்பேடுக்கு டபுள் போட்டு அது நின்றுவிட்டால் 140 போக வேண்டிய இடத்தில் 530 போகும். அது 9 இம்ப்.

இதையெல்லாம் உங்கள் முறை வருமுன்னே எண்ணி முடியுங்கள். நெடுநேரம் யோசித்து பாஸ் அட்டையை வைத்தால், உங்களுக்கு ஏதோ ஆசை இருந்தது என்று கூட்டாளிக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அவர் 4 ஹார்ட் கேட்டால் எதிராளி போட்டி இயக்குநரைக் கூப்பிடலாம். பிரிட்ஜ் விதி 16-இன்படி அந்த முடிவு திருத்தப்படவும் கூடும்.