ரீஃப் டேங்கில் ஐப்டேசியா: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பிராணியைப் பற்றித்தான். பவள டேங்கில் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி, அதோடு அதன் பங்காளி மஜானோ. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டு, அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கல் முழுக்க ஐப்டேசியா. பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரேயடியாகச் செத்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை செய்யலாமா அண்ணா? (வியாசர்பாடி)

வேண்டாம் தம்பி, செய்யவே செய்யாதீர்கள். ஸோவா, பாலித்தோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் விஷங்களிலேயே மிகக் கடுமையானவற்றில் அது ஒன்று. கல்லைக் கொதிக்க வைத்தால் அந்த விஷம் ஆவியோடு சேர்ந்து காற்றில் கலக்கும். வெளிநாடுகளில் இப்படி மீன் தொட்டிக் கல்லின் மேல் வெந்நீர் ஊற்றியவர்களும், அந்த வீட்டில் சும்மா இருந்தவர்களும், மூச்சுத்திணறலும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மருத்துவ அறிக்கைகளிலேயே பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் சமையலறையும் படுக்கும் இடமும் ஒட்டியே இருக்கும், வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா இருக்கும் பெரியவரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் கல்லில் பாலித்தோவா இல்லை என்று நீங்கள் நினைப்பது போதாது, பழுப்பு நிறத்தில் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு சின்னக் கொத்து கண்ணில் படாமலேயே இருக்கலாம்.

அப்புறம் என்னதான் வழி என்றால், மீனும் பவளமும் இல்லாத வெறும் கல்லாக இருந்தால் மொட்டை மாடியில் ஒரு தட்டில் போட்டு நம் சென்னை வெயிலில் வாரக்கணக்கில் காயவிடலாம், ஐப்டேசியா பிழைக்காது. ஆனால் கல்லுக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்தே போய்விடும். அதனால் கல்லை நேராக டேங்கில் போடாமல், தனி டப்பில் உப்புத் தண்ணீரும் பம்ப்பும் வைத்து, அம்மோனியா பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து போடுங்கள். ஸோவா ஒட்டியிருந்த கல் என்றால் காய்ந்த பிறகும் சுரண்டி தூசி கிளப்பாதீர்கள்.

புது லைவ் ராக்கில் (உயிரினங்கள் ஒட்டி வரும் கடல் கல்) பழுப்பு நிறத்தில் பூ மாதிரி ஒன்று முளைத்திருக்கிறது. அழகாக இருக்கிறதே, காசில்லாமல் கடல் சாமந்தி கிடைத்தது என்று விட்டுவிடலாமா? (கொளத்தூர்)

அது பனை மரம்போல மெல்லிய தண்டில் நின்று, மேலே கண்ணாடி மாதிரி தெளிந்த பழுப்பில் நீண்டு ஒல்லியான உணரிகள் விரிந்திருந்தால் ஐப்டேசியாதான். ஒரு குச்சியின் நிழல் பட்டாலே சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும், அந்த வேகத்தை வைத்தே சொல்லிவிடலாம். விடாதீர்கள். அதன் கொட்டும் செல்கள் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும், சுடப்பட்ட பவளம் விரியாமல் சுருங்கிச் சுருங்கி ஓரத்தில் இருந்து வெளுக்க ஆரம்பிக்கும். ஒன்றே ஒன்று இருக்கும்போது எடுப்பது ஐந்து நிமிட வேலை.

ஒன்றுதான் இருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் அதே இடத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு. எப்படி? (பெரம்பூர்)

நீங்கள் சுரண்டியதால்தான். ஐப்டேசியாவின் அடிப்பாதம் கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் குண்டூசித் தலையளவு சதை மிஞ்சினாலும் போதும், அதில் இருந்து வாயும் உணரியும் உள்ள முழுப் பிராணி வளர்ந்துவிடும். நாம் தொடாவிட்டாலும் அது இடம்விட்டு நகரும்போது பாதத்தில் இருந்து துணுக்குகளைப் பின்னால் விட்டுக்கொண்டேதான் போகும், அது பெருகும் முக்கிய வழியே அதுதான். முட்டை, விந்து விட்டு குஞ்சு பொரிக்கிற வழியும் தனியாக உண்டு. கத்தி செய்தது என்னவென்றால், ஒரு மாதத்தில் நடக்க வேண்டியதை ஒரு நிமிடத்தில் நடத்திவிட்டு, வெட்டுப்பட்ட துண்டுகளைப் பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) ஓட்டத்தில் டேங்க் முழுக்கப் பரப்பியது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். சீண்டினால் அதன் உடம்பில் இருந்து வெள்ளை நூல் நூலாக ஏதோ வெளியே வரும். அந்த நூல் முழுக்கக் கொட்டும் செல்தான், பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் புண்ணாகும். அதனால் கத்தி, இடுக்கி, பிரஷ், நகம் எதுவும் வேண்டாம். கல் சின்னதாக இருந்தால் கல்லோடு வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது அந்த மூலையை அடியோடு உடைத்து எடுங்கள். இரண்டும் முடியாது என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள், பன்னிரண்டு என்பது இன்னும் கை மீறிப்போன எண்ணிக்கை இல்லை.

சிரிஞ்சில் சுண்ணாம்பு ஏற்றலாம் என்கிறார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதுமா சார்? (தண்டையார்பேட்டை)

நல்ல கேள்வி. வெற்றிலைச் சுண்ணாம்பும், மீன் கடையில் கல்க்வாசர் என்று விற்கும் பொடியும் அடிப்படையில் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் நிறமோ வாசனையோ வேறு கலப்போ என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் பவளம் இருக்கும் தண்ணீரில் நான் அதைப் போடமாட்டேன். கல்க்வாசர் பொடி விலை அதிகமில்லை, அதையே வாங்குங்கள்.

செய்முறையில் பொறுமைதான் முக்கியம். பொடியில் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சிரிஞ்சில் எடுத்து, ஊசியின் கூர் முனையை வெட்டிவிட்டு மாட்டுங்கள் அல்லது மெல்லிய குழாய் பொருத்துங்கள். எல்லாப் பம்ப்பையும் நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். இப்போது மேலே இருந்து மெதுவாக, நிழல் விழாதபடி, குழாயின் முனையை அதன் வாய்க்கு நேர் மேலே கொண்டுபோங்கள். தொடாதீர்கள். தொட்டுவிட்டால் அது உள்ளே போய்விடும், நீங்கள் ஓட்டையின் வாசலில் சுண்ணாம்பு பூசிவிட்டு வருவீர்கள், அது உள்ளே பத்திரமாக இருக்கும். விரிந்திருக்கும் வாயின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அதைச் சாப்பாடு என்று நினைத்து உணரிகளை மூடும், மூடும்போது சுண்ணாம்பும் உள்ளே போகும், அந்த நொடியில் மீதியை ஊற்றி முழுவதும் மூடிவிடுங்கள். கால் மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டுப் பம்ப்பைப் போடுங்கள்.

சுண்ணாம்புக் கரைசலின் பிஎச் 12-ஐத் தாண்டும். டேங்கில் இருக்க வேண்டியது 8.1-இல் இருந்து 8.4 வரை. அதனால் சின்ன டேங்க் என்றால் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் கை வைக்காதீர்கள், மறுநாள் பிஎச் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்த நேரம் பக்கத்தில் விடாதீர்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்னாகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெட் ஸீ கம்பெனியின் ஐப்டேசியா எக்ஸ் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம், முறை இதேதான். எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஒன்றிரண்டுக்குச் சரி, ஆனால் அவை வாயின் மேல் நிற்காமல் ஓடிவிடும், உடம்புக்குள் ஊசி குத்தி ஏற்றினால்தான் வேலை செய்யும், அது எல்லார் கைக்கும் வராது.

மயில்துத்தம் போட்டால்? (வண்ணாரப்பேட்டை)

கூடாது. அது காப்பர் சல்ஃபேட். ஐப்டேசியாவுக்கு முன்னால் உங்கள் பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும், காப்பர் கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பல மாதம் கழித்தும் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகளிலும் காப்பர் இருக்கலாம், லேபிளைப் படிக்காமல் ரீஃப் டேங்கில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஐப்டேசியாவைத் தின்னும் என்று பெப்பர்மின்ட் இறால் நாலு வாங்கி விட்டேன். ஐப்டேசியா அப்படியே இருக்கிறது, ஸோவாதான் குறைகிறது! (மூலக்கடை)

நீங்கள் வாங்கியது அனேகமாக ஒட்டக இறால். அதன் முதுகில் ஒரு கூன் இருக்கும், கண் பெரிது, சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். அது பவளம் தின்னும். பெப்பர்மின்ட் இறால் உள்ளே தெரிகிற அளவுக்கு மெல்லிய உடம்பு, நீளவாக்கில் சிவப்புக் கோடு மட்டும்தான், வெள்ளைப் புள்ளி கிடையாது. ஐப்டேசியா தின்பதற்குப் பெயர் வாங்கிய பெப்பர்மின்ட் இறால் வகைகள் அமெரிக்கா பக்கத்து அட்லாண்டிக், கரீபியக் கடலைச் சேர்ந்தவை. ஒட்டக இறாலோ நம் பக்கத்து இந்திய, பசிபிக் கடல்களிலேயே ஏராளம். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், பெட்டியில் எழுதி வரும் பெயரை அப்படியே சொல்லியிருப்பார். அடுத்த முறை கையில் பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். சரியான இறாலாக இருந்தாலும் சின்ன ஐப்டேசியாவைத்தான் தின்னும், அதுவும் நீங்கள் தினம் வயிறு நிறையப் போட்டுக்கொண்டிருந்தால் அதற்கு அந்தக் கவலையே இருக்காது.

பச்சை உடம்பு, உணரி குட்டையாக, நுனியில் குமிழ். பபிள் டிப் அனிமோன் குட்டி போட்டிருக்கிறதா? (மாதவரம்)

உங்களிடம் பபிள் டிப் என்ற வளர்ப்புக் கடல் சாமந்தி இல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் குட்டி எங்கிருந்து வரும்? அது மஜானோ. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுகொண்டு கொத்துக் கொத்தாகப் பரவினால் சந்தேகமே வேண்டாம். சுண்ணாம்பு முறை இதற்கும் பொருந்தும். அடுத்து நான் சொல்லப்போகும் பெர்கியா இதைத் தொடாது, அதற்குக் காசு செலவழித்துவிடாதீர்கள்.

காசிமேட்டில் இருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்துதான் மாற்றுகிறேன். அதில் வந்திருக்குமா? (ராயபுரம்)

வர வாய்ப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் கல்லிலும், ஃப்ராக் என்ற பவளத் துண்டை ஒட்டி விற்கும் பிளக்கிலும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. எனக்கு ஐப்டேசியாவைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலை. துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரில் படகு டீசலும் சாக்கடையும் கலந்திருக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத்தில் உப்பும் குறைந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் ரீஃப் உப்பு கலந்து ஒப்படர்த்தியை 1.025-க்குக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள்.

இரண்டு வருட டேங்க், நானூறு லிட்டர். எண்ண முடியாத அளவுக்கு ஐப்டேசியா. கலைத்துவிடலாமா என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். (திருவொற்றியூர்)

கலைக்காதீர்கள். உங்கள் படத்தில் டார்ச் பவளம் இன்னும் நன்றாக விரிந்திருக்கிறது, அதைப் பார்த்தபோது இந்த டேங்க் காப்பாற்ற வேண்டியது என்றுதான் தோன்றியது.

இந்த எண்ணிக்கைக்குச் சிரிஞ்ச் பயன்படாது. அதைத் தின்கிற பிராணிதான் வேண்டும். நான் முதலில் சொல்வது பெர்கியா. ஓடில்லாத சின்னக் கடல் நத்தை, வளர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், முதுகில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள். ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது, பவளத்தைத் தொடாது. தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களை வெடிக்காமல் அப்படியே வாங்கி அந்த முதுகு விரல்களின் நுனியில் சேர்த்து வைத்துக்கொண்டு தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும், அப்படி ஒரு பிராணி. பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும், ராத்திரிதான் வேலை. விட்ட மறுநாளில் இருந்து காணவில்லை என்று பதறாதீர்கள். சில வாரம் கழித்துக் கல்லிலோ கண்ணாடியிலோ வெள்ளைச் சுருளாக முட்டை தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நானூறு லிட்டருக்கு ஒன்றிரண்டு போதாது, ஒரு பத்தாவது வேண்டும். கடையில் எப்போதும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, ஐப்டேசியா கூட்டத்துக்குப் பக்கத்தில் சின்னக் குழாய் வழியாக இறக்கிவிடுங்கள், பவர்ஹெட் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள். உங்கள் டேங்கில் இருக்கும் சிக்ஸ்லைன் ராஸ் மீன் இதைக் கொத்தித் தின்றுவிடும், முதலில் அதற்கு வேறு வீடு பாருங்கள். மூன்று நான்கு மாதம் ஆகும். ஐப்டேசியா தீர்ந்ததும் பெர்கியா பட்டினி கிடக்கும், அப்போது இதே தொல்லை உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

மீன் என்றால் காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை நன்றாகத் தின்னும், ஆனால் எல்லாக் காப்பர்பேண்டும் ஐப்டேசியாவைத் தின்னும் என்று உறுதி இல்லை, வந்த இடத்தில் சாப்பாட்டையே தொடாமல் மெலிந்து சாகிற காப்பர்பேண்ட் நிறைய. கடையில் உங்கள் கண் முன்னால் சாப்பிட்டால் மட்டும் வாங்குங்கள். உங்கள் டேங்க் அதற்கு இருக்க வேண்டிய அளவில் குறைந்தபட்சம். ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ் இன்னும் திடமான மீன், ஆனால் சில சமயம் ஸோவாவையும் டார்ச் பவளத்தையும் கடித்துப் பார்க்கும்.

இதோடு சம்ப்பையும் (தண்ணீர் வடிகட்டும் தனித் தொட்டி) ஓவர்ஃப்ளோ குழாயையும் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். ஐப்டேசியாவுக்குள் பவளத்தில் இருக்கிற மாதிரியே பாசி உண்டு, வெளிச்சத்தில் அது சமைத்துப் போடும்; இருட்டுக் குழாய்க்குள் அந்தப் பாசியை இழந்து வெளுத்துப்போனாலும் மிதந்து வரும் உணவைப் பிடித்தே பிழைத்துக்கொள்ளும். டேங்கில் தீர்ந்த பிறகு மறுபடியும் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். தீனியையும் பாதியாகக் குறையுங்கள், அது ஐப்டேசியாவைக் கொல்லாது, ஆனால் பெருகும் வேகம் குறையும்.

புது ஃப்ராக் வாங்கும்போது எப்படித் தடுப்பது? (வில்லிவாக்கம்)

பிளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தின் பள்ளத்தில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எலும்பு வெட்டும் கட்டரால் பவளத்தைப் பிளக்கில் இருந்து வெட்டி எடுத்துப் புதுப் பிளக்கில் ஒட்டுங்கள், பழையதைக் குப்பையில் போடுங்கள். பவளத்தை முக்கி எடுக்கும் டிப் மருந்து தட்டைப்புழுவுக்கு உதவும், ஐப்டேசியாவுக்கு அதை நம்பவேண்டாம். இடம் இருந்தால் நாலு வாரம் தனி டேங்க். மன்னார் வளைகுடாவில் எடுத்த கல், பவளம் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2001-இல் இருந்தே பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அப்படி நம் கடலில் எடுத்ததை வைத்திருப்பதே குற்றம். காய்ந்த செயற்கைக் கல்லில் ஆரம்பித்தால் சட்டச் சிக்கலும் இல்லை, ஐப்டேசியாவும் கல்லோடு வராது.