யார்டை அடைத்த பிறகு கேஸ் ஹீட்டர் போடலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் கண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அடுப்படிக்குப் பின்னால் யார்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் மாட்டியிருக்கிறது, பாத்ரூம் ஜன்னலும் யார்டைப் பார்த்த மாதிரிதான். மழைச்சாரல் அடிக்கிறதே என்று போன மாதம் யார்டு முழுவதும் கண்ணாடி போட்டு அடைத்தோம். அதிலிருந்து மாமியாருக்குக் குளித்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல். கேஸ் வாடை எதுவும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினால் போதுமா, ஹீட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: ஃபேன் வாங்குவது இருக்கட்டும், முதலில் ஹீட்டரை நிறுத்துங்கள், இன்றைக்கே. மாமியாரையும் இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், அடைத்த இடத்தில் கேஸ் ஹீட்டர் ஓடுகிறது என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கோவிட் சமயத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஏறியிருந்தாலும் அந்தக் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டும்.

வாடை வரவில்லை என்பதில் நிம்மதிப்பட எதுவுமில்லை. சமையல் கேஸில் வாடையைக் கலந்துதான் விற்கிறார்கள், கசிந்தால் தெரியட்டும் என்று. ஆனால் அதே கேஸ் போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் யார்டில் புகை வெளியே போக வழியில்லை, அதனால் ஹீட்டர் தான் விட்ட புகையையே திரும்ப இழுத்து எரிகிறது, எரிய எரிய நிலைமை மோசமாகிறது, மிச்சம் ஜன்னல் வழியாகக் குளிக்கிறவர் மேலேயே வருகிறது. ஹீட்டரின் மேல்விளிம்பில் கரி படிந்திருக்கிறதா, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நீலமாக எரிந்தாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு மருந்தில்லை. உள்ளே காற்று வர வழி இல்லாத இடத்தில் ஃபேன் இழுத்தால், குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகையே உள்ளே திரும்பும். அடுப்புக்கு மேலே இருக்கிற ஹூட்டும் அப்படித்தான். அதிலும் வெளியே குழாய் இல்லாமல் கரி ஃபில்டர் வைத்துக் காற்றை அங்கேயே சுற்றிவிடும் ஹூட் என்றால் கார்பன் மோனாக்சைடு அப்படியே வீட்டுக்குள் நிற்கும்.

இனி உங்களுக்கு மூன்று வழி. ஒன்று, கண்ணாடியைக் கழற்றி யார்டைப் பழையபடி திறந்துவிடுவது. என்னைக் கேட்டால் இதுதான் நல்லது, செலவும் குறைவு. கண்ணாடி போடக் கண்டோ நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, சுவர் வழியாகக் காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகை கேஸ் ஹீட்டர்; விலை கூடுதல், மலேசிய எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற கேஸ் காண்ட்ராக்டர்தான் மாட்ட வேண்டும். மூன்று, கேஸை விட்டுவிட்டு மின்சார ஹீட்டர். அதற்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் வாடகை வீடு. ஆன்லைனில் மலிவாக ‘கேஸ் அலாரம்’ பார்த்தேன். கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு இரண்டுக்கும் அது ஒன்றே போதுமா?

பதில்: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், அதனால் அந்த அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்துவிடும். அந்த அலாரத்தை மூச்சு விடும் உயரத்தில், படுக்கையறைக்கு அருகில் வையுங்கள். ஒரே பெட்டியை இரண்டு இடத்திலும் வைக்க முடியாது, ஆகவே தனித்தனியாக வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் இஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரம் போட்டிருக்கிறதா, சென்சாரை எந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அது அலறினால் எல்லாரையும் வெளியே கூட்டிவந்த பிறகு 999 அழையுங்கள்.