சுரங்கத்துக்குப் பயப்பட வேண்டாம், பேமிட்டை மறக்க வேண்டாம்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: கலியாணம் கட்டி சுவிஸில் லுசேர்னுக்கு வந்து பி பேமிட்டும் (வதிவிட அனுமதி) கிடைத்துவிட்டது. அக்கா இத்தாலியில், மிலானில் இருக்கிறா. ரயிலில் போய்ப் பார்க்க ஆசை, ஆனால் 57 கிலோமீற்றர் மலைக்குள்ளால் போக வேண்டும் என்றதும் நெஞ்சு இடிக்கிறது. எல்லையில் என்ன கேட்பார்கள்? எப் பேமிட்டில் (தற்காலிக அனுமதி) இருக்கும் மாமியையும் கூட்டிப்போகலாமா?

முதலில் சுரங்கம். கோத்தார்ட் அடித்தளச் சுரங்கம் 2016 ஜூன் 1இல் திறக்கப்பட்டது. வழமையான ரயில்கள் அந்த டிசம்பரில் ஓடத் தொடங்கின. ஊரி மாநிலத்தின் எர்ஸ்ட்பெல்டில் உள்ளே போய், திச்சினோ மாநிலத்தின் போடியோவில் வெளியே வரும். உலகில் இதைவிட நீளமான ரயில் சுரங்கம் இல்லை. சில இடங்களில் தலைக்கு மேலே 2300 மீற்றர் பாறை இருக்கிறது. இதைக் கேட்டுத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். ஆனால் உள்ளே இரண்டு குழாய்கள். போகிற ரயில் ஒன்றில், வருகிற ரயில் மற்றதில். எதிரே ரயில் வருமோ என்ற கவலை தேவையில்லை. ஏறத்தாழ 325 மீற்றருக்கு ஒரு குறுக்குவழி இரண்டையும் இணைக்கிறது. செத்ரூனிலும் பைடோவிலும் அவசரத்துக்கு நிறுத்தி இறங்க இடம் இருக்கிறது. புகை வராமல் அங்கே நல்ல காற்றை அனுப்புவார்கள், அப்படியே மற்றக் குழாய்க்கு நடந்துபோய் வேறு ரயில் ஏறலாம்.

2023 ஆகஸ்டில் உள்ளே ஒரு சரக்கு ரயிலின் சக்கரம் உடைந்து தடம் புரண்டது உண்மைதான். ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் கிலோமீற்றர் கணக்கில் தண்டவாளம் பழுதாகிவிட்டது. முழுவதும் திருத்தி, 2024 செப்டம்பர் 2இல்தான் பழையபடி எல்லா ரயிலையும் விட்டார்கள். எவ்வளவு அவசரம் இருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்துத் திருத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

எர்ஸ்ட்பெல்ட் தாண்டியதும் யன்னல் சட்டென்று கறுக்கும். காது கொஞ்சம் அடைக்கும், எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். பிறகு கண்ணாடியில் உங்கள் முகமும் எதிரே இருப்பவரின் கோப்பிக் கோப்பையும்தான். கைபேசி உள்ளேயும் வேலை செய்யும், அக்காவோடு கதைத்துக்கொண்டே போகலாம். ஏறத்தாழ 20 நிமிடத்தில் மறுபக்கம். அங்கே வெயிலே வேறு மாதிரி இருக்கும், அறிவிப்பும் இத்தாலிய மொழிக்கு மாறிவிடும். போகும்போது வலப்பக்க யன்னலில் இருங்கள். சுரங்கத்துக்கு முன்னம், ப்ரூனெனில் இருந்து ப்ளூலென் வரைக்கும் ஏரி உங்களோடு வரும்.

திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலம் கூடப் போனாலும் பரவாயில்லை, பெல்லின்சோனாவில் மாறிப் பழைய மலைப்பாதையால் வாருங்கள். செப்பு நிற ரயில், பெயர் திரேனோ கோத்தார்டோ. வாசென் ஊரில் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதால் அதே தேவாலயம் மூன்று முறை, மூன்று வேறு உயரத்தில் கண்ணில் படும். இலங்கையில் பதுளைப் பக்கம் போயிருந்தால் தெமோதரை ரயில் பாதை வளைவு ஞாபகம் வரும்.

அந்தப் பாதையில் ஐரோலோவுக்கும் கோஷெனெனுக்கும் இடையில் 15 கிலோமீற்றர் பழைய சுரங்கம், 1882இல் திறந்தது. அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலானோர் வேலை தேடி இத்தாலியில் இருந்து வந்தவர்கள். தண்ணீரும் வெடிமருந்துப் புகையும் நிறைந்த இடத்தில் வேலை. ஏறத்தாழ 200 பேர் விபத்துகளில் இறந்தார்கள். கொக்கிப்புழு நோயால் இரத்தம் வற்றி நலிந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். 1875இல் கோஷெனெனில் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச்சூட்டில் நான்கு தொழிலாளர் செத்தார்கள். சுரங்க வேலையில் இறந்தவர்களுக்கு ஐரோலோ நிலையத்தருகே ஒரு வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது. புதிய சுரங்க வேலையிலும் ஒன்பது பேரை இழந்திருக்கிறார்கள். இந்த நாட்டு உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிய எங்கள் தலைமுறைக்கு அந்த மனிதர்கள் அந்நியர் இல்லை. இங்கே வாழப்போகிற நீங்களும் அவர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, ரிக்கெட். இத்தாலிக்குப் போகும் யூரோசிட்டியில் (நாடு விட்டு நாடு ஓடும் வேக ரயில்) ஆசன முற்பதிவு கட்டாயம். எல்லைக்கு இப்பால் இருக்கும் லுகானோ வரைக்கும் முற்பதிவு இல்லாமல் சும்மா ஏறிப் போகிற பழக்கத்தில் மிலானுக்கும் ஏறிவிடாதீர்கள். மலிவு ரிக்கெட் எடுத்தால் அது அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். வழியில் அர்த்-கோல்டா நிலையத்தில் ரயில் மாற வேண்டியிருந்தால் நேரத்தை வடிவாகப் பாருங்கள்.

எல்லை கியாசோவில். சுவிஸ் 2008இல் இருந்து ஷெங்கனில் (உள் எல்லைகளில் வழமையான சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருப்பதால் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வரிசையாகப் பார்ப்பதில்லை. ஆனால் ரயில் நிற்கும்போது சீருடைக்காரர் பெட்டிக்குள் நடந்துவருவார்கள், எங்கள் நிறத்தவர்களிடம் நின்று கேட்பதும் அதிகம். மனம் நோகும்தான். பதற்றப்படாமல் இலங்கைப் பாஸ்போர்ட், பேமிட் அட்டை இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டும் செல்லுபடியாக இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் இத்தாலியில் இருக்கலாம். பேமிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் நேரத்தில் புறப்பட வேண்டாம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்துக்குள் இல்லை, ஆகவே திரும்பும்போது இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான். மொத்தச் சாமான் 150 பிராங்குக்கு மேல் போனால் வரி அறிவிக்க வேண்டும்.

மாமியின் விஷயத்தில் மட்டும் துணிய வேண்டாம். எப் பேமிட்டோடு நாட்டைவிட்டு வெளியே போவதென்றால் முதலே மீள்நுழைவு விசா வேண்டும், அதை எல்லாக் காரணத்துக்கும் கொடுப்பதில்லை. ஒரு நாள்தானே என்று கூட்டிப்போய்ப் பிடிபட்டால் அவவின் பேமிட்டுக்கே சிக்கல் வரலாம். மாநிலக் குடிவரவு அலுவலகத்தில் ஒருக்கால் கேளுங்கள். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. லுகானோ சுவிஸுக்குள் இருப்பதால் மாமி தாராளமாக வரலாம். அக்காவிடம் செல்லுபடியான இத்தாலிய வதிவிட அனுமதியும் பாஸ்போர்ட்டும் இருந்தால் மிலானில் இருந்து ரயில் ஏறி ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் லுகானோவுக்கு வந்துவிடுவா. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோரும் இருந்து கதையுங்கள். நித்திரையாகிக் கியாசோவைத் தாண்டிவிடாமல் மாமியை லுகானோவிலேயே இறக்கிவிடுங்கள்.