பூஜையில் வைத்த ராக்கெட்

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் டென்னிஸ் பட்டம் வென்றவர். திருமணத்துக்குப் பிறகு ஆட்டம் தானாகவே நின்றுவிட்டது. 14 ஆண்டுகளாக எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. (ஆயுத பூஜையன்று மட்டும் ராக்கெட்டை எடுத்துத் துடைத்து, மற்றக் கருவிகளோடு வைப்பார். சந்தனமும் குங்குமமும் நான்தான் இடுவேன்.) வரும் ஜனவரியில் நடக்கும் மூத்தோர் போட்டியில் ஆடப்போவதாகச் சொல்லி, அதிகாலை நாலரைக்கே எழுந்து, சமையலை முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். என் தாயாரும் எங்களோடு இருக்கிறார். இந்த வயதில் அடிபட்டால் என்ன செய்வது? எல்லார் முன்னாலும் தோற்று அவமானப்படுவாரே என்றும் கவலையாக இருக்கிறது. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா? அவர் மனம் நோகாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது?
- கோவை வாசகர்

பதில்: உங்கள் மனைவி தோற்கக்கூடும். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறவும் கூடும். அப்படி நடக்காது என்று நான் சொல்வேன் என்றோ, அதனால் போகாமல் இருப்பதே நல்லது என்று சொல்வேன் என்றோ நீங்கள் எதிர்பார்த்திருந்தால் இரண்டையும் சொல்வதற்கில்லை. மேடைக்குத் திரும்ப விரும்பும் மனைவியைப் பற்றியும், பாதியில் விட்ட படிப்பை முடிக்க விரும்பும் மருமகளைப் பற்றியும் எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அத்தனையிலும் கடைசிக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: மனம் நோகாமல் எப்படித் தடுப்பது? நோகாமல் தடுக்க வழியில்லை, ஐயா.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆயுத பூஜைக்கு நம் வீடுகளில் எதை வைக்கிறோம்? பிள்ளைகளின் புத்தகம், தையல் இயந்திரம், அரிவாள்மணை, வண்டி என்று இன்றும் கையில் புழங்குகிறவற்றை, நாளையும் கைகொடுக்க வேண்டியவற்றை வைக்கிறோம். கைவிட்டுப்போன தொழிலின் கருவியை யாரும் துடைத்துப் பொட்டு வைத்து வணங்குவதில்லை. அது பரணில் கிடக்கும், அல்லது பழைய சாமான்காரரிடம் போய்விடும். உங்கள் மனைவியோ 14 ஆண்டுகளாக, ஓர் ஆண்டுகூடத் தவறாமல், நான் இன்னும் ஆட்டக்காரிதான் என்று உங்கள் கண்முன்னே சொல்லிவந்திருக்கிறார். அதற்குச் சந்தனம் இட்டது உங்கள் கை. இவ்வளவும் செய்துவிட்டு, இந்த ஆசை இப்போதுதான் திடீரென்று முளைத்தது போல எனக்கு எழுதுகிறீர்களே! ஆட்டம் தானாகவே நின்றுவிட்டது என்று வேறு சொல்கிறீர்கள். ஒரு வீட்டில் எதுவும் தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்ததால் அது நின்றது. அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானிய டென்னிஸ் வீராங்கனை கிமிகோ டாட்டே 1995-இல் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தைத் தொட்டவர்; 1996-இல் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்று, அந்த ஆண்டே தம் 26-ஆம் வயதில் விலகிவிட்டார். ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின், 2008-இல், 37 வயதில் திரும்பிவந்தார். மீண்டும் ஆடும்படி தூண்டியவர்களில் கார்ப் பந்தய வீரரான அவருடைய கணவரும் ஒருவர் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பெயரை வைத்துக்கொண்டு பெரிய அரங்குகளின் வாசலில் அவர் நிற்கவில்லை. கிஃபு நகரில் நடந்த ஒரு சிறிய போட்டியில், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி இறுதி ஆட்டம் வரை வந்தார். பிறகு பெரிய போட்டிகளில் முதல் சுற்றுத் தோல்விகள் பலவற்றைச் சந்தித்தார். அவற்றையெல்லாம் தாங்கிய பிறகுதான், 2009 செப்டம்பரில், 39-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், சியோலில் பட்டம் வென்றார். 2011 விம்பிள்டனில், 40 வயதில், அமெரிக்க வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸைக் கடைசியான மூன்றாவது செட்டில் 8-6 வரை இழுத்துச் சென்று தோற்றார். முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் விடாமல் வந்தவர், 2017-இல் டோக்கியோவில், சொந்த நாட்டு மக்களின் முன்னால், தம் கடைசி ஆட்டத்தை 6-0, 6-0 என்று ஒரு கேம்கூட எடுக்காமல் இழந்தார். நீங்கள் அஞ்சுவது இதைத்தானே? அந்த 6-0 அவருடைய பெயரிலிருந்து எதைக் குறைத்துவிட்டது? எதையும் குறைக்கவில்லை. ஆகவே அவமானம் என்ற அச்சம் உங்கள் மனைவியுடையதாக எனக்குத் தோன்றவில்லை. உறவினர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற உங்களுடைய கூச்சம் அது. அதை அவர் தோளில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் உண்மையாகவே கவலைப்பட வேண்டியவை வேறு உண்டு. முதலில் அந்த ராக்கெட். ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டனை வென்ற பியோர்ன் போர்க் 1983-இல் விலகி, 1991-இல் மான்டி கார்லோவில் திரும்பி ஆட வந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் கிராஃபைட் ராக்கெட்டுக்கு மாறியிருக்க, தம் பழைய மர ராக்கெட்டோடு இறங்கினார். ஸ்பெயின் வீரர் ஜோர்டி அர்ரெஸேயிடம் 6-2, 6-3 என்று தோற்றார். 1993 வரை முயன்றும் அந்தத் தொழில்முறைப் போட்டிகளில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஒருவருடைய திறமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், விலகியிருந்த ஆண்டுகளில் ஆட்டம் அவருக்காகக் காத்திருப்பதில்லை. 14 ஆண்டு பழைய ராக்கெட்டைப் பூஜைக்கே விட்டுவிட்டு, இன்றைய எடையில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ராக்கெட்டில் கட்டும் நரம்பு விறைப்பான பாலியெஸ்டராக இருக்க வேண்டாம். முழங்கையைக் காக்கும் மென்மையான நரம்பை, சற்றுத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது உடம்பு. நீண்ட இடைவெளிக்குப் பின் ஆடத் தொடங்குகிறவருக்கு மூச்சும் தசையும் சில வாரங்களில் திரும்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அத்தனை விரைவில் பழகுவதில்லை. ஆகவே, பழைய வேகம் வந்துவிட்டது என்று மனம் துள்ளும் மாதங்களில்தான் குதிகால் நாணும், கெண்டைக்காலும், தோள்பட்டையும் எளிதில் காயப்படும். சர்வ் அடிக்கும் எண்ணிக்கையை வாரவாரம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். கடுமையாக ஆடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு வேண்டும். விளையாட்டுக் காயங்களை அறிந்த மருத்துவர் ஒருவர் இப்போதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் வேண்டும். நாலரைக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறவருக்கு அடிபட்டால், அதற்கு வயது மட்டும் காரணம் ஆகாது. அந்தக் காரணத்தில் உங்கள் பங்கும் இருக்கும்.

சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நல்ல தொழில். அவர் விரும்பினால் பிறகு செய்யட்டும். போட்டி கேட்கிறவருக்கு அதை மாற்றாக நீட்டுவது தவறு.

குடும்பத்துக்காக ஒருவர் தம் விருப்பத்தைத் தள்ளிவைப்பதை நான் குறைசொல்கிறவள் அல்ல. அப்படித் தள்ளிவைக்க யாருமே முன்வராத வீட்டில் குழந்தைகள் வளர்வதும் முதியவர்கள் நிம்மதியாக இருப்பதும் கடினம் என்றே நம்புகிறேன். ஆனால் தள்ளிவைத்தது அந்த வீடு பட்ட கடன். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கணவன் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அது மனைவிக்குக் காட்டும் பெருந்தன்மையாகாது, அவனுடைய கடமை. அம்மா ஆடுவதையும், தோற்பதையும், வியர்வையைத் துடைத்துக்கொண்டு எதிராளியோடு கைகுலுக்குவதையும் உங்கள் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். உங்கள் தாயாரையும் ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். மருமகளிடம் இப்படி ஒரு திறமை இருப்பதை அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே அவரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. போட்டி நாட்களுக்கு இன்றே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். நாளையிலிருந்து காலைச் சமையல் உங்களுடையது. சமைக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ள ஜனவரி வரை நேரம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, தாயாருக்கு வேளைக்கு மாத்திரை கொடுப்பது, பால் கணக்கு, துணி எல்லாம் அதில் சேரும். எதை எப்போது செய்ய வேண்டும் என்று பட்டியல் எழுதித் தரும்படி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். 14 ஆண்டுகள் அந்த வீட்டிலேயே இருந்து பார்த்திருக்கிறீர்கள்.