கிராம்பு எண்ணெய் வாங்கித் தெளிக்கலாமா?

கேள்வி: வெள்ளரிக் கொடியின் இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வந்திருக்கிறது. கிராம்பு எண்ணெய் தெளித்தால் போய்விடும் என்கிறார்கள். '100% தூய்மை' என்று போட்ட சின்னப் புட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பயிருக்கு என்றால் வேண்டாம். எண்ணெயில் சக்தி இல்லாமல் இல்லை. கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால், எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால் எல்லாம் பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கக்கூடியவை. ஆய்வகத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. தோட்டத்தில்தான் சிக்கல். எண்ணெய் தண்ணீரோடு சேராமல் தனியாகப் பிரிந்து நிற்கும். தெளிக்கும்போது ஓர் இலைக்கு வெறும் தண்ணீர் போகும், அடுத்த இலைக்குச் சுத்த எண்ணெய் போகும். சுத்த எண்ணெய் பட்ட இலை கருகிவிடும். களையைக் கருக்கும் மருந்துகள் சிலவற்றிலேயே கிராம்பு எண்ணெய் சேர்க்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்! இலை தப்பித்தாலும், எண்ணெய் வெயிலில் சீக்கிரம் ஆவியாகிப் போகும்.

நீங்கள் தேட வேண்டியது, தண்ணீரில் கலந்தால் பால்போல் ஆகும்படி பயிருக்கென்றே தயாரித்த, பூஞ்சைக்கொல்லியாகப் பதிவான பொருள். டீ ட்ரீ எண்ணெயில் (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது, தேயிலை அல்ல) இப்படிப்பட்டவை உண்டு. லேபிளில் பதிவு எண், எண்ணெயின் சதவீதம், எந்தப் பயிரின் எந்த நோய்க்கு, லிட்டருக்கு எத்தனை மில்லி, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'இயற்கையானது' என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தால் வாங்காதீர்கள். அந்த '100%' கூடப் புட்டிக்குள் இருப்பதைப் பற்றிய பேச்சுதான், இலைக்கு எவ்வளவு தாங்கும் என்று அது சொல்லாது.

கேள்வி: ஏற்கெனவே ஒரு புட்டி வாங்கிவிட்டேனே, அசல்தானா என்று பார்க்க வழி உண்டா?

பதில்: வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வையுங்கள். பிசுபிசுப்பான கறை அப்படியே நின்றால் சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கலாம். ஆனால் ஆவியாகும் கலப்படத்தை இந்தச் சோதனை பிடிக்காது. உங்கள் புட்டி சேர்ந்த தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) ஆய்வக அறிக்கையை விற்றவரிடம் கேளுங்கள். தராவிட்டால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

சரி, நல்ல தயாரிப்பே கிடைத்தாலும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் மாலை நேரத்தில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். மோசமான இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இந்த மருந்துகள் நோய் பரவாமல் தடுக்கத்தான் அதிகம் உதவும், போன இலையை மீட்காது. அப்புறம், சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது எண்ணெய்ப் பக்கம் போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கொடியே கருகும்.